குன்னூர் வளைவுகளில் ‘டொக் டொக்’: ஆக்டேவியா வி.ஆர்.எஸ். சஸ்பென்ஷனில் எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது?

குன்னூர்த் தம்பி ஒருவர் கேட்டிருப்பது இது. 2017ஆம் ஆண்டு ஸ்கோடா ஆக்டேவியா வி.ஆர்.எஸ்., இரண்டாம் கையாக வாங்கியது, 82,000 கி.மீ. ஓடியிருக்கிறது. காலையில் வெலிங்டன் பக்கம் மெதுவாகப் போகும்போது முன் இடப்பக்கத்தில் ‘டொக் டொக்’ என்று சத்தம். மேட்டுப்பாளையம் இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடி வளைத்தால் வண்டி ஒரு கணம் தயங்கிவிட்டுத்தான் திரும்புகிறது. சமவெளியில் ஒரு பட்டறையில் காட்டியதற்கு, நான்கு ஷாக் அப்சார்பர்களையும் மாற்றி, கூடவே வண்டியை 30 மி.மீ. தாழ்த்தும் ஸ்பிரிங்குகளையும் போட்டுவிடலாம் என்று எஸ்டிமேட் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். போடலாமா, இதில் எதையாவது வீட்டிலேயே செய்துகொள்ளலாமா என்பது கேள்வி.

தாழ்த்தும் ஸ்பிரிங் வேண்டவே வேண்டாம். ஷாக் நான்கும் போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். நீங்கள் சொன்ன இரண்டு அறிகுறிகளுக்கும் முதல் குற்றவாளி ஷாக் இல்லை. ரப்பர்.

நான் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பில் முப்பது ஆண்டுகள் இருந்தவன். என் மைத்துனர் மகனிடம் இதே வண்டி இருக்கிறது. அதன் பின்பக்கத்தை ஒரு முறையும் முன்பக்கத்தை இரண்டு முறையும் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்திருக்கிறேன். முன்பக்கம் ஏன் இரண்டு முறை என்பதைப் பிறகு சொல்கிறேன். அது பெருமைப்படும் கதை அல்ல.

முதலில் அந்த ‘டொக் டொக்’. மெதுவாகப் போகும்போது, சிறு சிறு மேடு பள்ளங்களில், வேகம் கூடினால் மறைந்துவிடும் உலர்ந்த சத்தம் என்றால் பத்துக்கு ஏழு முறை அது லிங்க் ராடுதான். வளைவில் வண்டி சாயாமல் இரு பக்கச் சக்கரங்களையும் பிணைக்கும் ஸ்டெபிலைசர் பாரின் முனையை, ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தூணான ஸ்ட்ரட்டோடு இணைக்கும் விரல் பருமனுள்ள கம்பி அது. இரண்டு முனைகளிலும் சிறிய பால் ஜாயின்ட், அதாவது உருண்டை மூட்டு, இருக்கும். அதன் ரப்பர் மூடி கிழிந்து தண்ணீர் புகுந்தால் கிரீஸ் கரைந்துவிடும். பிறகு உலோகமும் உலோகமும் பேச ஆரம்பித்துவிடும். நம் மலையில் தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் மாறி மாறி நனைப்பதால் இந்த மூடிகளுக்கு ஓய்வே கிடையாது.

சோதிக்கும்போது பலர் செய்யும் தவறு, ஒரு பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி லிங்க் ராடை ஆட்டிப் பார்ப்பது. ஒரு சக்கரம் தொங்கி மறு சக்கரம் தரையில் இருந்தால் ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொண்டு நிற்கும். அந்த இறுக்கத்தில் தேய்ந்த ஜாயின்டும் அசையாது. இரண்டு முன் சக்கரங்களும் ஒரே உயரத்தில் இருக்கவேண்டும், தூக்கினாலும் சரி, தரையில் விட்டாலும் சரி. பிறகு கம்பியைப் பிடித்து வேகமாக ஆட்டுங்கள். விரலுக்குள் ஒரு சிறு ‘கிளிக்’ தெரிந்தால் போதும், தீர்ப்பு வந்துவிட்டது. காதை நம்பவேண்டாம், விரலை நம்புங்கள். இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். செலவு ஏறத்தாழ ஒரு டேங்க் பெட்ரோல்தான். வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை. நட்டைக் கழற்றும்போது நடுத்தண்டும் கூடவே சுற்றும். அதன் முனையில் உள்ள பற்களைப் பிடித்துக்கொள்ளச் சரியான பிட் வைத்துக்கொள்ளுங்கள்.

லிங்க் ராடு சுத்தமாக இருந்தால் அடுத்த சந்தேகம் ஸ்ட்ரட்டின் தலை. வண்டியை நிறுத்தி, ஒருவரை ஸ்டீயரிங்கை முழுக்க இடமும் வலமும் திருப்பச் சொல்லிவிட்டு ஸ்பிரிங் சுருளின்மேல் கை வையுங்கள். வழவழவென்று சுற்றினால் மேல் பேரிங் நன்றாக இருக்கிறது. இழுத்துப் பிடித்து ‘டங்’ என்று விடுபட்டால் அது போய்விட்டது.

இந்தப் பேரிங் நீலகிரியில் சீக்கிரம் போவதற்கு ஒரு காரணத்தை என் கண்ணால் பார்த்தேன். இந்த வண்டியில் ஸ்ட்ரட்டின் மேல் போல்ட்டுகளை எட்டவேண்டுமானால் வைப்பர் கைகளைக் கழற்றி, கண்ணாடிக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் மூடியை எடுக்கவேண்டும். எடுத்துப் பார்த்தால் உள்ளே ஒரு சிறு காடு. சில்வர் ஓக் இலை, தைல மரத்து இலை, அதன் கொட்டை, எல்லாம் மக்கிக் கறுத்த குழம்பாகி வடிகால் துளையை அடைத்திருந்தது. இரண்டு கை நிறைய அள்ளினேன். மழைத் தண்ணீர் வடிய வழியில்லாமல் அங்கேயே தேங்கி, ஸ்ட்ரட்டின் தலையில் இறங்கியிருக்கிறது. பேரிங்கைப் பிரித்தபோது குண்டுகள் பழுப்பு நிறப் பொடியில் உட்கார்ந்திருந்தன. தேயிலைத் தோட்டத்துச் சாலையோரத்தில் வண்டி நிறுத்துபவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை அந்த மூடியைத் திறந்து சுத்தம் செய்தால் போதும். இந்தச் செலவை நன்றாகவே தள்ளிப்போடலாம்.

இப்போது உங்கள் இரண்டாவது அறிகுறி. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. பிரேக்கில் இருக்கும்போது திருப்பினால் வண்டி தயங்குகிறது என்கிறீர்கள். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை ஏறத்தாழ 1,500 மீட்டர் இறக்கம், 14 கொண்டை ஊசி வளைவுகள். இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்னால் சாய்கிறது. சக்கரத்தைச் சாலை பின்னோக்கித் தள்ளுகிறது. அந்தத் தள்ளலைத் தாங்குவது லோயர் ஆர்மின் (சக்கரத்தை வண்டியோடு பிணைக்கும் கீழ்க் கை) புஷ்கள், அதாவது அதன் மூட்டுகளில் உள்ள ரப்பர் உருளைகள். அதிலும் பின் புஷ்தான் பெரும்பகுதியை வாங்குகிறது. ரப்பர் கிழிந்திருந்தால் ஆர்ம் சில மில்லிமீட்டர் பின்னால் நகரும். சக்கரத்தின் கோணமும் கூடவே மாறும். நீங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்பியபின் அந்தத் தளர்வு தீர்ந்து ரப்பர் இறுகும் வரை வண்டி காத்திருக்கிறது. நீங்கள் உணரும் அந்த ‘ஒரு கணம்’ அதுதான். நேர்ச் சாலையில் ஓட்டுபவருக்கு இது மாதக்கணக்கில் தெரியாமலே இருக்கும்.

பார்ப்பதற்கு வழி எளிது. வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, நீளமான ஒரு லீவரை ஆர்முக்கும் அது பூட்டப்பட்ட அடிச்சட்டமான சப்ஃப்ரேமுக்கும் நடுவில் கொடுத்து மெல்ல நெம்புங்கள். டார்ச் அடித்துப் பாருங்கள். மேற்பரப்பில் மயிரிழை வெடிப்புகள் இருப்பது வயதின் அடையாளம், அதை விட்டுவிடலாம். நெம்பும்போது ரப்பர் வாய் பிளந்தால், அல்லது உலோகக் குழலிலிருந்து பிரிந்து இடைவெளி தெரிந்தால், மாற்றவேண்டும். அப்படியே ஆர்மின் முனையில் உள்ள பால் ஜாயின்டையும் பார்த்துவிடுங்கள்: சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரியக்கூடாது. இடமும் வலமும் ஆட்டினால் தெரியும் ஆட்டம், ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் முனையுடையது.

ஷாக்கைப் பற்றி. பானெட் மூலையை அமுக்கிவிட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணும் பழைய சோதனையை இந்த மாதிரி வண்டியில் நம்பாதீர்கள். ஸ்பிரிங் கெட்டியாக இருப்பதால் பாதி செத்த ஷாக்கும் தேறிவிடும். டயரைத் தடவிப் பாருங்கள். சுற்றளவில் மேடும் பள்ளமுமாகக் கைக்குத் தட்டினால் ஷாக் சக்கரத்தைச் சாலையோடு அழுத்திப் பிடிக்கவில்லை என்று பொருள். ஷாக்கின் உடலில் மேல்முனையில் லேசான எண்ணெய்ப் பூச்சும் அதில் ஒட்டிய தூசியும் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை, தண்டின் சீல் அந்த அளவு கசிவதுதான் இயல்பு. எண்ணெய் வழிந்து கீழ்ப்பாதி வரை நனைந்திருந்தால் முடிந்தது. 82,000 கி.மீ.யும் பெரும்பாலும் மலைச் சாலையில்தான் என்றால், ஷாக்குகள் களைத்திருப்பதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. எனவே பட்டறைக்காரர் பொய் சொல்லிவிட்டார் என்று நான் சொல்லவரவில்லை. வரிசை தவறு என்கிறேன். கிழிந்த புஷ்ஷோடு புது ஷாக் போட்டால் அந்தத் தயக்கம் அப்படியே இருக்கும், பணம் போயிருக்கும்.

தாழ்த்தும் ஸ்பிரிங் ஏன் கூடாது? இது ரசனை சார்ந்த விஷயம் அல்ல. சக்கரம் மேலே ஏறுவதற்கு வண்டியில் ஒரு குறிப்பிட்ட தூரம்தான் இருக்கிறது. அதில் 30 மி.மீ.யை முன்கூட்டியே தின்றுவிட்டால், வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் அமுங்கும்போது பம்ப் ஸ்டாப் என்னும் அந்த நுரை ரப்பரில் போய் உட்கார்ந்துவிடும். அந்தக் கணத்தில் அந்த மூலையின் விறைப்பு சட்டென்று பல மடங்காகும். பிடிப்பு நழுவும். கார்ப் பந்தயத் தடத்தில் அது பரவாயில்லை, அங்கே வளைவின் நடுவில் பள்ளம் இருக்காது. நம் கொண்டை ஊசி வளைவுகளில் உட்புறம்தான் தார் முதலில் பெயர்கிறது. வெளிப்புறத்தில் மழை நீர் அரித்த விளிம்பு. போதாக்குறைக்கு ஊருக்கு ஊர் வேகத்தடை. வண்டி வயிற்றை உரசிக்கொண்டு போவதைப் பார்க்க எனக்கே வலிக்கிறது.

ஷாக் மாற்றத்தான் வேண்டும் என்றால் இரண்டு வழிகள். நிறுவனம் பொருத்திய அதே வகை, அல்லது அசல் உயரத்து ஸ்பிரிங்குக்கென்றே செய்யப்பட்ட, சற்றுக் கெட்டியான ஷாக். பில்ஸ்டைன் நிறுவனத்தின் பி6 இந்த இரண்டாம் வகை. பி8 என்பது தாழ்த்திய வண்டிக்கானது. பெயரைப் பார்த்து எண் பெரிதாக இருக்கிறதே என்று பி8 வாங்கிவிடாதீர்கள். இன்னொரு பொறியும் உண்டு. இந்த வண்டிக் குடும்பத்தில் முன் ஸ்ட்ரட்டின் விட்டம் 50 மி.மீ., 55 மி.மீ. என இரண்டு அளவுகளில் வரும். இந்தியாவில் விற்ற 1.4 லிட்டர் ஆக்டேவியாவுக்குப் பின்பக்கம் இரு சக்கரங்களையும் ஒரே உத்தரத்தில் சேர்க்கும் சாதாரண டார்ஷன் பீம்; உங்கள் வண்டிக்குப் பல இணைப்புக் கைகள் கொண்ட மல்டி லிங்க். ‘ஆக்டேவியாவுக்கு’ என்று மட்டும் சொல்லி ஆர்டர் கொடுத்தால் பொருந்தாத பெட்டி வீடு வந்து சேரும். ஸ்ட்ரட், சக்கரத்தைத் தாங்கும் நக்கிளுக்குள் நுழையும் இடத்தில் வெர்னியர் வைத்து அளந்துவிட்டு, சேஸிஸ் எண்ணையும் கொடுத்து வாங்குங்கள். ஷாக்கோடு பம்ப் ஸ்டாப், தூசி மூடி, மேல் மவுண்ட், பேரிங் நான்கையும் சேர்த்தே வாங்கவேண்டும். பிரித்த கூலி ஒன்றுதான்.

சிலர் ரப்பருக்குப் பதில் பாலியூரித்தேன் (ரப்பரைவிடக் கெட்டியான செயற்கைப் பொருள்) புஷ் போடச் சொல்வார்கள். முன் ஆர்மில் போட்டால் ஸ்டீயரிங் கூர்மையாகும், உண்மைதான். கூடவே சாலையின் ஒவ்வொரு கல்லும் உங்கள் உள்ளங்கைக்கு வரும், கிரீஸ் காய்ந்தால் கீச்சிடும். பின் சக்கரத்தை முன்னாலிருந்து பிடித்திருக்கும் டிரெய்லிங் ஆர்மில் போடவே கூடாது என்பது என் கருத்து. அந்த ஆர்ம் ஒரே அச்சில் மட்டும் அசைவதில்லை, கொஞ்சம் நெளியவும் வேண்டும். ரப்பர் நெளியும், பாலியூரித்தேன் முரண்டு பிடிக்கும்.

இனி அந்தப் பெருமையற்ற கதை. முதல் முறை முன் ஆர்ம் புஷ்களை மாற்றியபோது எல்லாவற்றையும் பொருத்தி, வண்டி ஸ்டாண்டில் இருக்கும்போதே, சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருக்கும்போதே, எல்லா போல்ட்டுகளையும் முழு இறுக்கமாக இறுக்கிவிட்டேன். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்துத்தான் இறுக்கினேன், அதிலொன்றும் குறைவில்லை. பதினோரு மாதத்தில் ஆர்மின் முன் புஷ் கிழிந்துவிட்டது. மைத்துனர் மகன் ஒன்றும் சொல்லவில்லை. காபி கொடுக்கும்போது மட்டும் சற்று அதிக மரியாதையாகக் கொடுத்தான்.

நடந்தது இதுதான். இந்தப் புஷ்ஷில் வெளிக் குழல், உள் குழல், இரண்டுக்கும் நடுவே இரண்டிலும் ஒட்டிப்பிடித்த ரப்பர். போல்ட்டை இறுக்கினால் உள் குழல் சப்ஃப்ரேமோடு அசையாமல் பூட்டிக்கொள்கிறது. அதன்பின் அங்கே எதுவும் வழுக்கிச் சுழலாது; ஆர்ம் மேலும் கீழும் போகும்போது ரப்பர்தான் முறுக்கிக்கொள்கிறது. சக்கரம் தொங்கும் நிலையில் பூட்டினால், ரப்பருக்கு அதுதான் ‘ஓய்வு நிலை’ என்று ஆகிவிடுகிறது. வண்டியைத் தரையில் இறக்கியதுமே ரப்பர் முறுக்கிக்கொள்ளும். நிறுத்தி வைத்திருக்கும் இரவிலும் முறுக்கியபடியே நிற்கும். பள்ளத்தில் விழுந்தால் அதற்கும் மேலே முறுக்கிக்கொள்ளவேண்டும். தொழிற்சாலையில் மோட்டார் கப்ளிங்கின் ரப்பரை அச்சு நேராக இருக்கிறதா என்று பாராமல் பூட்டிய பையன்களை நான் திட்டியிருக்கிறேன். அதையே என் கையால் செய்தேன்.

சரியான முறைக்கு ஒரு டேப் போதும். எதையும் கழற்றுவதற்கு முன்னால், சமதளத்தில் வண்டி தன் கனத்தில் நிற்கும்போது, ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதிவையுங்கள். வேலை முடிந்தபின், போல்ட்டுகளைக் கையால் மட்டும் ஏற்றிவிட்டு, நக்கிளுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து அந்தப் பழைய அளவு வரும் வரை உயர்த்துங்கள். வந்ததும் இறுக்குங்கள். பின்பக்கத்தில் இது இன்னும் முக்கியம், ஏனெனில் அங்கே ஒரு சக்கரத்துக்கே நான்கு கைகள். வண்டியைப் பட்டறைக்குக் கொடுப்பதாக இருந்தால் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: “ஆர்ம் போல்ட்டை எந்த உயரத்தில் வைத்து இறுக்குவீர்கள்?” கேள்வி புரியாமல் விழித்தால் வேறு பட்டறை பாருங்கள்.

போல்ட்டுகளைப் பற்றியும் ஒரு சொல். இந்த வண்டியில் சஸ்பென்ஷன் போல்ட்டுகள் பெரும்பாலும் ஒருமுறை மட்டும் பயன்படுத்துபவை. குறிப்பிட்ட நியூட்டன் மீட்டர் வரை இறுக்கிவிட்டு, அதற்குமேல் 90 அல்லது 180 பாகை என்று கோணக் கணக்கில் திருப்பச் சொல்வார்கள். அப்படித் திருப்பும்போது போல்ட் சற்றே நீள்கிறது. அந்த இழுவிசைதான் பிடிப்பு. அப்படி நீண்டுவிட்ட போல்ட்டைத் திரும்பப் போட்டால் அதே பிடிப்பு வராது. அளவுகளைப் பட்டறைக் கையேட்டிலிருந்து உங்கள் வண்டிக்கென்று எடுங்கள். யாரோ வேறு மாடலுக்குச் சொன்னதை நம்பவேண்டாம். போல்ட் செட்டுக்கும் பட்ஜெட்டில் இடம் ஒதுக்குங்கள்.

வீட்டில் எதுவரை செய்யலாம்? லிங்க் ராடு, பின் ஷாக் இரண்டும் தாராளமாகச் செய்யலாம். இந்த வண்டியில் பின் ஸ்பிரிங் ஷாக்கைச் சுற்றி இல்லாமல் தனியாக நிற்பதால் பின் ஷாக் மாற்றம் எளிது. ஆனால் கீழ்ப் போல்ட்டைக் கழற்றுமுன் ஆர்முக்கு ஜாக்கி முட்டுக் கொடுக்க மறக்கவேண்டாம். முன் ஸ்ட்ரட் வேலைக்கு நக்கிளின் பிளவை விரிக்கும் பிட் வேண்டும். அதை உள்ளே விட்டு 90 பாகை திருப்பினால் பிளவு விரிந்து ஸ்ட்ரட் தானாக இறங்கும். உளியை அடித்து விரிப்பவர்கள் நக்கிளையே கெடுத்துவிடுகிறார்கள். இறங்கும்போது பிரேக் ஹோஸும் சக்கர வேக சென்சாரின் வயரும் இழுபடாமல் முன்கூட்டியே கிளிப்பிலிருந்து விடுவியுங்கள். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிரிக்கும் வேலையை மட்டும் வீட்டில் செய்யாதீர்கள். சந்தையில் கிடைக்கும் மெல்லிய இரண்டு கொக்கிக் கம்ப்ரசர் நழுவினால் பல நூறு கிலோ விசை முகத்துக்கு நேரே விடுபடும். ஸ்ட்ரட்டைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சுவரில் பதித்த அழுத்தக் கருவி உள்ள பட்டறையில் மாற்றி வாங்கிவாருங்கள்.

மலையில் இன்னொரு சிக்கல், சமதளம் கிடைப்பது. நம் வீட்டு வாசல்கள் எல்லாமே ஏதாவது ஒரு பக்கம் சரிந்தவை. சரிவில் கல்லை முட்டுக்கொடுத்து ஏறத்தாழ 1,400 கிலோ வண்டியைத் தூக்கி அதன் அடியில் படுப்பது வேண்டாம். நான் தொழிற்சாலையில் லாரி நிற்கும் கான்கிரீட் முற்றத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டு வாங்கினேன்.

வேலை முடிந்தால் அலைன்மென்ட் கட்டாயம். இங்கேயும் ஏமாறும் இடம் உண்டு. பல இடங்களில் முன் டோவை (சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் கோணம்) மட்டும் சரிசெய்து அனுப்பிவிடுவார்கள். மல்டி லிங்க் வண்டியில் பின் சக்கரங்கள்தான் வண்டி எந்தத் திசை பார்த்து ஓடுவது என்று முடிவுசெய்கின்றன. எனவே பின்னதை முதலில், முன்னதைப் பிறகு என்பதே முறை. பின் கேம்பர் (சக்கரத்தின் மேல்பகுதி உள்ளே அல்லது வெளியே சாயும் கோணம்), டோ இரண்டையும் மாற்றும் எக்சென்ட்ரிக் போல்ட்டுகள் ஈரத்தில் குழலோடு சேர்ந்து துருப்பிடித்து இறுகியிருக்கும். வண்டியைக் கொண்டுபோவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே துரு நீக்கும் எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். இல்லையென்றால் ‘அது திரும்பாது சார்’ என்று கைவிரித்துவிடுவார்கள். முன் கேம்பருக்கு இந்த வண்டியில் தனி அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது, சப்ஃப்ரேமைச் சற்றே நகர்த்தித்தான் இடவலத்தைச் சமன்செய்ய முடியும். அதனால் சப்ஃப்ரேமைத் தளர்த்தும் வேலை வந்தால் பெயிண்ட் மார்க்கரால் அதன் இடத்தைக் குறித்துவிட்டுத் தளர்த்துங்கள். சரிசெய்வதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளைக் காகிதத்தில் அச்சிட்டு வாங்குங்கள். ஸ்டீயரிங் கோண சென்சாரையும் கணினி வைத்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரவேண்டும்.

டை ராடு முனையை மாற்றியிருந்தால், பழையது எத்தனை புரி உள்ளே போயிருந்தது என்று எண்ணி அதே அளவில் புதியதைப் பூட்டுங்கள். அலைன்மென்டுக்காகக் கோவைக்கு இறங்கிப் போகும் வரை வண்டி ஓரளவு நேராக ஓடும். அன்றைக்கு மட்டும் நிதானமாக, கியரை மானுவலில் வைத்து இன்ஜின் பிடிப்பில் இறங்குங்கள். திரும்பி வந்து 500 கி.மீ. ஓட்டியபின் உயரத்தை மறுபடி டேப்பால் அளந்து பாருங்கள். பழைய குறிப்போடு இடவலம் ஒத்துப்போகவில்லையென்றால் ஏதோ ஒரு புஷ் முறுக்கிய நிலையில் பூட்டப்பட்டிருக்கலாம். அந்த போல்ட்டைத் தளர்த்தி, வண்டியின் கனத்தில் வைத்து மறுபடி இறுக்கவேண்டும். அப்போதும் புது போல்ட்தான். எனவே வாங்கும்போதே இரண்டு கூடுதலாக வாங்கி வையுங்கள்.